நாற்பத்து மூன்றாம் பகுதி

பகல் பன்னிரண்டரை ஆனால் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் சத்தம் அடங்கிவிடும். மாவட்ட வானொலியில் என் கணவரின் நாவலை வாசிக்கிற நேரம் அது. புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு தொடங்கினார்கள். தினம் அரைமணி நேரம், நாளைக்கு ஓர் அத்தியாயம், மொத்தம் அறுபது பகுதிகள். புத்தகமாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. தூரத்து நகரங்களில் நன்றாக விற்றது, ஒரு பரிசும் வாங்கியது. எங்கள் ஊரில் அதைப் படித்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் நாலைந்து பேர்தான். இப்போது மிங்யான் என்கிற பெண் எங்கள் மலைப்பக்கத்துப் பேச்சிலேயே அதை வாசிக்க ஆரம்பித்ததும், கறிக்கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை கேட்கிறார்கள்.

கேட்பதோடு விடுவதில்லை. கதையில் வருகிற ஒவ்வொருவரும் நிஜத்தில் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் நம்பர் பார்த்து உட்காருவது போல, ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இது நான்தான் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஃபெங் அக்கா கடையில் கோதுமை நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கரண்டியும் கையுமாக என் கணவர் முன்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரே, சூப்புல தண்ணி கலக்கறாளே ஒருத்தி, அது நான்தானாமே? தெருவே சொல்லுது."

"இல்லக்கா. அவங்க வேற ஊரு."

"வேற ஊரா?" அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "பதினஞ்சு வருஷமா என் கடையில தின்னுட்டு, தண்ணி கலக்கறதுக்குக்கூட வேற ஊர்ல ஆள் தேடுனீங்களா? நல்லாருக்கு உங்க நியாயம்!"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் யாரோ கத்தினார்கள்: "மான்சாங் வர்றார்! மான்சாங்குக்கு எடம் விடுங்கப்பா!"

மான்சாங் என்பது நாவலில் வரும் ஆட்டிடையன். தன் மந்தையின் முன்னோடிக் கிடாயை, ஊர்க் கட்சிச் செயலாளரைக் கூப்பிடுவது போல, "செயலாளரே, கொஞ்சம் வழிவிடுங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவன். வெள்ளம் வந்த பள்ளத்தில் குதித்து ஒரு குழந்தையைக் கரைசேர்க்கிறவன். உள்ளே வந்தவர் தாங் யூகென். யாங்போ கிராமத்து இடையர். அவரும் கிடாயைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுவார். அவரும் ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர்தான். கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் உட்காரும் முன்பே மூன்று பேர் சிகரெட் நீட்டினார்கள். அவர் இரண்டை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு மூன்றாவதைப் பற்றவைத்தார். அறுபத்தைந்து வருஷமாகச் சந்தைக்கு வந்தால் சுவரோரமாக நடந்துபோன மனிதர். அவருக்காக யாரும் எழுந்து இடம் விட்டு நான் பார்த்ததில்லை.

"வாத்தியாரே!" அவர் என் கணவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "தங்கச்சி, நீங்களும் கேளுங்க. வர்ற வியாழக்கிழமை எனக்கு அறுபத்தாறு. ஆடு அடிக்கறேன். ஊரே நம்ம முத்தத்துல. ஊர்க் கமிட்டிக்காரரு கம்பத்து ஒலிபெருக்கியிலயே போடறேன்னுட்டாரு. எல்லாரும் கறி தின்னுட்டே என் கதைய கேக்கப்போறோம். நீங்க ரெண்டு பேரும் வரலன்னா செயலாளரை அனுப்பி முட்டித் தூக்கிட்டு வரச்சொல்லுவேன்."

என் கணவர் சிரித்தார். ஆனால் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்.

"இன்னிக்கு முப்பத்தெட்டு. அப்ப வியாழக்கிழமை..."

"நாப்பத்து மூணு," என்றேன். அதில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நாவல் முழுவதையும் தட்டச்சு செய்தவள் நான்.

அவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில் போய் இரண்டு வருஷம் வாழாமல் அவர் ஒரு வரி எழுதமாட்டார். நாவலுக்காக யாங்போவில் தங்கி யூகென் அண்ணனோடு ஆடு மேய்த்தார். முதல் பிரதியில் எல்லாரையும் நிஜப் பெயரிலேயே எழுதுவார். பெயரை மாற்றினால் முகம் மறைந்துபோகும் என்பார். எழுதி முடித்தபின் நான் தட்டச்சு செய்யும்போதுதான் பெயர்கள் மாறும். அதனால் யார் யார் என்று எனக்கு முதல் பக்கத்திலிருந்தே தெரியும்.

ஒரு வசந்தகாலத்தில் ஆட்டு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தபோது யூகென் அண்ணன் அவரிடம் ஒன்றைச் சொன்னார். இன்றைக்கு நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய பஞ்சகாலம். கூட்டுப்பண்ணைக் களத்திலிருந்து ஒரு மூட்டை மக்காச்சோளம் காணாமல் போயிற்று. பக்கத்துச் சந்தில் இருந்த விதவை ருய்ஷியாங்கின் வாசலில் நாலு கதிர்கள் சிதறிக் கிடந்தன. அவள்தான் திருடி என்று கழுத்தில் சோளக்கதிர்களைச் சரமாகக் கட்டி ஊர்வலமாக நடத்திப் போனார்கள். ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்து ஏசினார்கள். மூட்டையை எடுத்தவர் யூகென். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் மாவு இல்லை. தூக்கிக்கொண்டு ஓடும்போது கதிர்கள் அந்த வாசலில் விழுந்திருக்கின்றன. கூட்டத்தில் அவர் முன்வரிசையில் நின்றார். வாய் திறக்கவில்லை.

சொல்லிவிட்டு அவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு என்ன சமையல் என்று கேட்டாராம். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. என் கணவர் எழுதிவிட்டார். யூகென் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது, எங்கேயோ தூரத்தில் விற்கப்போகிற புத்தகம்தானே என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். இப்போது அது கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் வரப்போகிறது. மான்சாங் நான்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கழுத்தில் சோளம் கட்டப்பட்டவள் யார் என்று யாங்போவில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய முற்றத்தில், அவருடைய ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டே ஊர் அவரைத் திருடன் என்று தெரிந்துகொள்ளும்.

திங்கட்கிழமை வானொலி நிலையத்துக்குப் போனோம். மிங்யான் எங்களுக்குச் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அறுபதும் பதிவு பண்ணி முடிச்சாச்சு வாத்தியாரே. ஆனா வெட்டலாம். மூணு நிமிஷம் போகும். அந்த எடத்துல கொஞ்சம் இசை போட்டுக்கறேன்."

"வெட்டிடு," என்றார் இவர்.

அவள் என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வெந்நீரைக் குடித்து முடித்து எழுந்தேன். படியிறங்கும்போது இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நாப்பது வருஷமா நடந்தத நடந்தபடி எழுதறவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு வரி வெட்டச் சொன்ன பதிப்பகத்தோட சண்டை போட்டிருக்கேன். இப்ப நானே வெட்டச் சொல்றேன்."

"அவர்கிட்ட கேக்காம எழுதினோம்," என்றேன். "இப்ப அவர்கிட்ட கேக்காமலே வெட்டறோம்."

அவர் திரும்பிப் படியேறினார். மிங்யானிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் பதில் மட்டும் கேட்டது: "சரி வாத்தியாரே. வியாழக்கிழமை பன்னண்டேகால் வரைக்கும் போன் பக்கத்துலயே இருக்கேன். யூகென் பெரியவர் என்ன சொல்றாரோ அத செய்யறேன். நீங்க தைரியமா போங்க."

அந்தப் பெண்ணுக்கு அப்படிச் செய்ய எந்த அவசியமும் இல்லை. மேலதிகாரி கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை யாங்போவுக்குக் கிளம்பினோம். பஸ் நிலையத்தில் இவர் செருப்புக்கடை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது. வேண்டுமென்றே தவறவிட்டார் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை புழுதிக்காற்று. பஸ்ஸே ஓடவில்லை. நான் குன்றின்மேல் கருணைத் தெய்வம் குவான்யின் தாயின் கோயிலுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வெறுமனே கைகூப்பி நின்றேன். எங்களுக்குத் தெரியாவிட்டாலும் தாய்க்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கைதான். வீட்டுக்கு வந்தபோது இவர் அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். வைத்த சோறு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை முதல் பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றது. நாங்கள் யாங்போ போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. மலைச்சரிவில் குடைந்த அவருடைய வீட்டு முற்றத்தில் கறி வாசனை. பெண்கள் மாவு திரட்டிக்கொண்டிருந்தார்கள். யூகென் அண்ணன், தன் மகள் வாங்கிக்கொடுத்த புது நீலச் சட்டையில், இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டாரு பாரு, என்னைப் படைச்சவரு!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"யூகென் அண்ணே, ஒரு நிமிஷம் தனியா பேசணும்."

உருளைக்கிழங்கு அடுக்கி வைத்திருந்த பக்கத்து அறைக்குப் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இன்னிக்கு மான்சாங் சாகப்போறானா? செத்தா செத்துட்டுப் போறான், ஆனா ஒரு நாள் தள்ளி வெச்சுக்கக் கூடாதா? பொறந்தநாளும் அதுவுமா..."

"சாகல," என்றார் இவர். "அந்தச் சோளம், அண்ணே."

யூகென் அண்ணன் மெதுவாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுதிட்டியா," என்றார். 'வாத்தியாரே' என்ற மரியாதை போய்விட்டது.

"எழுதிட்டேன்."

"கழுத்துல கட்டினது?"

"அதுவும்."

"நான் முன்வரிசையில நின்னது?"

"ம்."

வெளியே யாரோ பெண்கள் எதற்கோ பெரிதாகச் சிரித்தார்கள். இவர் அவசரமாகச் சொன்னார்: "வெட்டிடலாம் அண்ணே. அந்தப் பொண்ணு போன் பக்கத்துல உக்காந்திருக்கா. பன்னண்டேகால் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், யாருக்கும் எதுவும் தெரியாது."

"படி," என்றார் யூகென் அண்ணன்.

"அண்ணே?"

"என்ன எழுதினேன்னு படி. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

இவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தார். களம், மூட்டை, இருட்டில் விழுந்த கதிர்கள், ஊர்வலம், கூட்டம். யூகென் அண்ணன் தலையைக் குனிந்தபடி கேட்டார். ஓரிடத்தில், "ஆமா, அன்னிக்கு அவ காலுல செருப்பு இல்ல," என்றார். இவர் தொடர்ந்து படித்தார்:

"அன்று சாயங்காலம் மான்சாங் ஒரு கிண்ணம் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனான். அவள் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்."

"நிறுத்து." அவர் தலை நிமிர்ந்தது. "இது யாரு?"

இவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"நான் தண்ணி குடுக்கலயே. நான் வீட்டுக்குள்ள போயி கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டேன்னுதானே உங்கிட்ட சொன்னேன்?"

என் காதுகள் சுட்டன. "அண்ணா, அது நான்," என்றேன். "தட்டச்சு பண்ணும்போது தாங்கல. ஒரு கிண்ணம் தண்ணியாவது கொண்டுபோயி வெச்சிருப்பாரு, அப்படி எழுதுங்கன்னு நான்தான் கேட்டேன். இவர் மாட்டேன்னாரு. நான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அப்புறம் எழுதிட்டாரு."

நடந்ததை நடந்தபடி எழுதுகிறவர் என்று பேர் வாங்கிய மனிதரின் புத்தகத்தில் அந்த இரண்டே வரிகள்தான் நடக்காதவை. யூகென் அண்ணன் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நீங்க நல்ல மனசுல கேட்டீங்க. ஆனா அன்னிக்கு அவளுக்கு யாரும் தண்ணி குடுக்கல. இத ஊரு கேட்டா என்ன சொல்லும்? திருடினாலும் பாவம், ஈரமுள்ளவன்னு சொல்லும். ருய்ஷியாங் வீட்டுலயும் வானொலி இருக்கு. தண்ணி வரலன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். ஏற்கனவே ஒரு பொய்ய அவ கழுத்துல கட்டியாச்சு. இன்னொண்ணு கட்டணுமா?"

"அப்ப முழுசா வெட்டிடலாம் அண்ணே," என்றார் இவர்.

அவர் வெகுநேரம் கையிலிருந்த சிகரெட்டை உருட்டிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. பிறகு அது பன்னிரண்டு ஆனது.

"அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் அவ யார் வீட்டு விருந்துக்கும் போனதில்ல, தெரியுமா?" என்றார் யூகென் அண்ணன். "கல்யாணம், சாவு, எதுக்கும். இன்னிக்கும் கூப்பிட்டு ஆள் விட்டேன். வரல. நான் ஒரு மாசமா எல்லார்கிட்டயும் சிகரெட் வாங்கிக் காதுல செருகிட்டுத் திரியறேன்." எழுந்துகொண்டார். "தண்ணிய வெட்டச் சொல்லு. சோளம் இருக்கட்டும்."

"அண்ணே, யோசிச்சு..."

"நேரமாச்சு. போ!"

பள்ளத்தில் இருந்த அந்த வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. இவர் மேட்டை நோக்கி ஓடினார். அறுபத்திரண்டு வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, சோளம் இல்ல. தண்ணி. அந்தக் கிண்ணம்."

கைப்பேசியில் மிங்யானின் குரல் எனக்கும் கேட்டது. "ரெண்டே வரிதான வாத்தியாரே?"

"ஆமா. ரெண்டே வரி."

நாங்கள் இறங்கி வந்தபோது யூகென் அண்ணன் முற்றத்தின் வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்: "அப்பா, எங்க போறீங்க? கறி ஆறிப்போகும்!"

"நீங்க சாப்பிடுங்க. சீக்கிரம் வந்தா நானும் சாப்பிடறேன்." எங்களைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "கூட வாங்க. பாதி வழியில நான் திரும்பினேன்னா புடிச்சுத் தள்ளுங்க."

அவர் திரும்பவில்லை. ஒரே ஒரு முறை, சந்து முனையில், சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நின்றார். இவர் அவர் முதுகில் கைவைத்தார். மறுபடி நடந்தார்.

ருய்ஷியாங் அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. அடியில் அடுப்பு வைத்த மண் சூட்டுப்படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து முறத்தில் விதைப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வானொலி. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யூகெனா?" என்றார் அவர். "இன்னிக்கு உனக்கு அறுபத்தாறுன்னு சொன்னாங்க. ஆள் விட்டிருந்தே. எனக்கு முட்டிவலி."

"அக்கா, முட்டிவலின்னு நீ சொல்லவேண்டாம்." அவர் வாசலைத் தாண்டாமலே நின்றார். "இன்னிக்கு வானொலியில சோளக் கதை வரும். மூட்டைய எடுத்தது..."

அக்காவின் கை முறத்தில் அப்படியே நின்றது. முறம் சாய்ந்து பயறு தரையெல்லாம் ஓடியது. அவர் வானொலியின் குமிழைத் திருகி அணைத்தார். அதே நேரத்தில் வெளியே கம்பத்தில் மிங்யானின் குரல் தொடங்கியது: நாற்பத்து மூன்றாம் பகுதி.

"அந்தப் பொண்ணு வாயால எனக்குக் கேக்கவேண்டாம்," என்றார் ருய்ஷியாங் அக்கா. "நீ உள்ள வா. நீ சொல்லு." எங்களைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

நாங்கள் முற்றத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியை யாராலும் சாத்த முடியாது. களம் வந்தது, மூட்டை வந்தது. யூகென் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து முதலில் சிரிப்பும் கிண்ணச் சத்தமும் கேட்டன. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கிண்ணச் சத்தமும் நின்றது. என் கணவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குவான்யின் தாயின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கதையில் கூட்டம் முடிந்தது. சாயங்காலம் ஆயிற்று. மிங்யான் ஒரு மூச்சு விட்டாள். தண்ணீர் வரவில்லை. அவள் அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். என் ஆசைக்காகச் சேர்த்த வரிகள் இல்லாமல் அந்தச் சாயங்காலம் எவ்வளவு வறண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. யூகென் அண்ணன் அப்படித்தான் நாற்பத்தொரு வருஷம் அதை மனசுக்குள் கேட்டிருக்கிறார். அக்காவும்.

கதவுக்குப் பின்னால் என்ன பேச்சு நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு முறை அக்காவின் குரல் உயர்ந்தது. "திருடி மகன்னு என் மகன பட்டாளத்துல எடுக்கல, அதுக்கு?" என்பது மட்டும் கேட்டது. சந்தில் காலடிகள். இரண்டு மூன்று பேர் வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. அவர்களில் இரண்டு பேர் அன்றைக்குக் கூட்டத்தில் கத்தியவர்களாக இருக்கவேண்டும். அந்த வயது.

கதவு திறந்தது. ருய்ஷியாங் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. வாசலில் நின்றவர்களை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு மாவு பிசையத் தெரியுமாம்மா?"

"தெரியும் அக்கா."

"என் கை நடுங்குது. பானையில மாவு இருக்கு." ஒரு கணம் நிறுத்தினார். "நாலு பேருக்குப் பிசைங்க."

நான் எங்களை எண்ணிப் பார்த்தேன். அக்கா, நான், என் கணவர்: மூன்று பேர். உள்ளே எட்டிப் பார்த்தேன். புது நீலச் சட்டையோடு யூகென் அண்ணன் மண்தரையில் மண்டியிட்டு, சிதறிய பயற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு மாவை அள்ளினேன்.